தறிக்குழிப் பாட்டுப் பெட்டி

நமது சங்கீத விமரிசகர்கள் பாடகரின் குரலைப் பற்றி எழுதுகிறார்கள். பிடிலைப் பற்றியும் மிருதங்கத்தைப் பற்றியும் எழுதுகிறார்கள். சபா காண்டீனில் அன்றைக்குப் போட்ட அடை அவியலைப் பற்றிக்கூட நாலு வரி எழுதிவிடுகிறார்கள். ஆனால் பாட்டு எந்தப் பெட்டியின் வழியாக நம் காதுக்கு வருகிறதோ, அந்தப் பெட்டியைப் பற்றி ஒருவரும் எழுதுவதில்லை. அது ரேடியோக் கடைக்காரருடைய விவகாரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இது சரியில்லை என்பது என் அபிப்பிராயம். கச்சேரிக்கு நேரில் போய்க் கேட்கிறவர்கள் எத்தனை பேர்? மற்றவர்களுக்கெல்லாம் பெட்டிதான் சபா. பெட்டிதான் சபாவின் காரியதரிசி. எந்தப் பாட்டு, எவ்வளவு நேரம், எதற்குப் பிறகு எது என்பதையெல்லாம் அதுவே தீர்மானித்துவிடுகிறது. அவ்வளவு அதிகாரம் படைத்த ஆசாமியை விமரிசிக்காமல் விடலாமா?

ஆரணியை ஒட்டிய சேவூரில் இந்த ஆசாமியை அவனுடைய இயல்பான இடத்தில் பார்க்கலாம். பட்டு நெசவு நடக்கிற ஊர். பகல் வேளையில் தெருவோடு நடந்தால் தறிச் சத்தமும் பாட்டுச் சத்தமும் கலந்து வரும். உள்ளே எட்டிப் பார்த்தால், தறிச் சட்டத்தில் ஒரு கயிற்றில் அது தொங்கிக்கொண்டிருக்கும். உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் பெட்டி. முன்புறம் ஓட்டை ஓட்டையாக ஒலிபெருக்கி, சிவப்பு எழுத்தில் எண் காட்டும் ஒரு சின்னக் கண்ணாடி, பக்கத்தில் நகத்தளவு மெமரி கார்டைச் செருக ஒரு பிளவு. எந்த ஊர்க் கம்பெனி செய்தது என்று அதற்கே தெரியாது. கடைத்தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இதை வாங்குவதா, பெயர் பெற்ற கம்பெனிப் பெட்டியை வாங்குவதா, கையில் இருக்கிற கைப்பேசியே போதுமென்று இருப்பதா என்பது சேவூர் வீடுகளில் மட்டுமல்ல, நம் வீடுகளிலும் எழுகிற கேள்விதான். ஆனால் பதில் அங்கே தெளிவாகத் தெரிகிறது. ஏனென்றால் அங்கே பாட்டு பொழுதுபோக்கு அல்ல. வேலையோடு கூடிய விஷயம்.

குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிறவருக்குக் கை இரண்டும் வேலையில் இருக்கின்றன. கால் மிதியில் இருக்கிறது. கண் பாவின்மேல் இருக்கிறது. மிச்சம் காது ஒன்றுதான். அதுவும் முழுக்க மிச்சமில்லை. நாடா ஒழுங்காக ஓடுகிறதா, எங்கேயாவது தட்டுகிறதா என்பதைக் கண்ணுக்கு முன்னால் காது கண்டுபிடித்துவிடுகிறது. ஆகவே காதில் செருகிக்கொள்ளும் கருவி அங்கே எடுபடாது. 1979-ல் ஸோனி கம்பெனி வாக்மனை வெளியிட்டு, பாட்டு என்பது ஒரு தனி மனிதனின் இரண்டு காதுகளுக்கு நடுவில் மட்டும் நடக்கக்கூடிய காரியம் என்று உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தது. 2001-ல் ஆப்பிள் கம்பெனியின் ஐபாட் அதே பாடத்தை 1000 பாட்டுக்களோடு சட்டைப் பையில் போட்டுக் கொடுத்தது. (2022-ல் ஐபாடையே நிறுத்தியும் விட்டார்கள்.) தறி வீட்டில் அந்தப் பாடம் செல்லாது. அங்கே பாட்டு நெய்கிறவருக்கும் உண்டு, பக்கத்தில் இழை முடிகிற மனைவிக்கும் உண்டு, அடுப்படியில் இருக்கிற கிழவிக்கும் உண்டு. கைத்தறியின் ஓசை பாட்டுக்கு இடம் விட்டுக் கொடுக்கிறது. விசைத்தறிக் கொட்டகையில் அந்த மரியாதை கிடையாது. அங்கே எந்தப் பெட்டியும் வாயைத் திறந்து பயனில்லை.

கைப்பேசியை முதலில் தள்ளிவிடலாம். அதில் எல்லாப் பாட்டும் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் சரணம் நடக்கும்போது சேலை எப்போது முடியும் என்று கேட்டு அதே கருவியில் முதலாளியின் அழைப்பும் வருகிறது. அடுத்த பாட்டை நாம் சொல்லாவிட்டால் அதுவே சொல்லுகிறது. ஊரார் எதைக் கேட்டார்களோ அதை வைத்து ஊகித்துச் சொல்லுகிறது. பாதி நாள் அந்த ஊகம் சரியாகவும் இருந்துவிடுகிறது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கம்பெனிப் பெட்டியை அப்படி எளிதில் தள்ள முடியாது. பழைய எச்.எம்.வி. கிராமபோன் கம்பெனிக்கு இன்றைய பெயர் சரிகம. அந்தக் கம்பெனி 2017-ல் 'கார்வான்' என்ற பெட்டியை வெளியிட்டது. பார்வைக்குப் பழைய ரேடியோப் பெட்டி மாதிரியே இருக்கும். உள்ளே 5000 பாட்டுக்கள் முன்கூட்டியே பதிந்து வருகின்றன. தமிழுக்கென்று தனிப் பெட்டி உண்டு. பாட்டுக் குறைந்த சின்னப் பெட்டியும் உண்டு. பாடகர், இசையமைப்பாளர், மனோபாவம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். திருகினால் பாடும். கண் மங்கிய பெரியவர்கள்கூடப் பிறர் உதவி இல்லாமல் பாட்டுக் கேட்கலாம். இந்தச் சௌகரியத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வெளியூரில் உத்தியோகம் பார்க்கிற பிள்ளைகள் இதை வாங்கித் தாயார் தலைமாட்டில் வைத்துவிட்டு மறுநாள் பஸ் ஏறிவிடுகிறார்கள். அம்மாவோடு உட்கார்ந்து பேசுகிற வேலையைப் பெட்டி ஏற்றுக்கொள்கிறது. அதற்குப் பெட்டியைக் குறை சொல்லக்கூடாது.

என் குறை வேறு. ஒரு தொகுப்பு நூல் கைக்கு வந்தால், தொகுத்தவர் யார், எதைச் சேர்த்தார், எதை விட்டார், ஏன் விட்டார் என்று கேட்கிறோம். கதைத் தொகுதியாக இருந்தால், விட்டுப்போன ஆசிரியரே வந்து கேட்பார். 5000 பாட்டுக்கள் கொண்ட ஒரு தொகுப்பை மட்டும் ஏன் கேள்வி இல்லாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும்? அதைத் தொகுத்தது ரசனை அல்ல, சொத்துப் பத்திரம். கம்பெனிக்கு எந்தப் பாட்டின் மேல் உரிமை இருக்கிறதோ அது பெட்டியில் வரும், இல்லாதது வராது. பாட்டுத் தட்டுக்களின் காலத்தில் பெரும்பாலான தமிழ்ச் சினிமாப் பாட்டு கிராமபோன் கம்பெனியின் வழியாகத்தான் வந்தது. ஆகவே அந்தக் காலம் பெட்டியில் செழிப்பாக இருக்கிறது. 1980-களில் இளையராஜாவின் பாட்டுக்கள் எக்கோ முதலிய வேறு கம்பெனிகளின் காசெட்டுகளாகவும் வீடு வீடாகப் புகுந்தன. அந்தக் காசெட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர் பெட்டியைத் திருகிப் பார்த்தால், தம்முடைய இளமையில் நடு நடுவே சில வருஷங்கள் காணாமல் போயிருப்பதைப் பார்ப்பார். குழாய்க்கு முன்னால் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருக்கிற அந்த எச்.எம்.வி. நாயை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அந்த நாய் கேட்ட பாட்டு மட்டுமே பழைய பாட்டு என்று நாளைக்கு ஒரு தலைமுறை நம்பிவிடும். இதுதான் எனக்குக் கவலை.

ஒரு விஷயத்தில் இந்திப் பெட்டியைப் பாராட்ட வேண்டும். 1952-ல் இலங்கை வானொலியில் தொடங்கிய கீதமாலா நிகழ்ச்சியை நடத்திய அமீன் சயானியின் குரலையும் சேர்த்து அதில் பதிந்திருக்கிறார்கள். பாட்டைத் தேர்ந்தெடுத்தவர் பாட்டுக்கு முன்னால் வந்து, "இதை நான் ஏன் போடுகிறேன் தெரியுமா?" என்று சொல்லுகிற அழகே தனி. மயில்வாகனமும் கே. எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் அதே இலங்கை வானொலியில் தமிழுக்குச் செய்தது இதுதான். அவர்கள் தேர்ந்தெடுத்தது பிடிக்காவிட்டால் கோபித்துக்கொள்ள ஒரு ஆள் இருந்தார். 5000 பாட்டுப் பெட்டியில் யாரைக் கோபித்துக்கொள்வது?

நம் ஊர்களில் ஒரு காலத்தில் தேர்ந்தெடுக்கிற வேலையை நாமே செய்துகொண்டிருந்தோம். ரிக்கார்டிங் கடை என்று ஒன்று கடைத்தெருவில் இருக்கும். 60 நிமிஷக் காசெட்டை வாங்கி, பாட்டுப் பட்டியலை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வரவேண்டும். பக்கத்துக்கு 30 நிமிஷம். ஆறேழு பாட்டுக்குமேல் பிடிக்காது. எட்டாவது பாட்டைச் சேர்ப்பதற்காக மூன்றாவதை அடித்து, பிறகு மனசு கேளாமல் மூன்றாவதைத் திரும்ப எழுதி, ஐந்தாவதை அடித்து... அந்தத் தாளை இலக்கிய விமரிசனத்தின் ஆரம்பப் பாடம் என்றே சொல்வேன். கடைசியில் இரண்டு நிமிஷம் மிஞ்சினால் கடைக்காரர் தம் சொந்த விருப்பத்தில் ஒரு பாட்டின் பாதியைப் போட்டு நிரப்பிவிடுவார். அந்தப் பாதிப் பாட்டுக்கள் சில எனக்கு இன்றைக்கும் முழுதாகத் தெரியாது.

இனி, சேவூர்ப் பெட்டிக்கு வருகிறேன். அதன் ரகசியம் என்னவென்று கேட்டால், நெசவாளரின் தலைக்குமேலே இருக்கிற ஜக்கார்டு பெட்டியைக் காட்டிவிடலாம். ஜக்கார்டு என்ற பிரெஞ்சுக்காரர் 1804-ல் செய்து முடித்த ஏற்பாடு அது. அட்டையில் துளை இருந்தால் ஊசி உள்ளே போகும், இழை தூக்கும். துளை இல்லாவிட்டால் இழை அப்படியே கிடக்கும். உண்டு, இல்லை என்ற இரண்டே சொற்களால் மயிலும் அன்னமும் கரையில் வந்துவிடுகின்றன. டிஜிட்டல் சங்கீதமும் இதே உண்டு இல்லைதான். துளைகளின் எண்ணிக்கைதான் பூதாகாரமாக இருக்கும். அதைக் குறைக்க எம்.பி.3 என்ற முறை வந்தது. பெரிய ஓசைக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கும் சிறிய ஓசை நம் காதுக்கு எட்டாது. எட்டாததைப் பதிவில் வைத்திருப்பானேன் என்று கழித்துவிடுவது அதன் தந்திரம். குறுந்தட்டில் ஒரு விநாடிக்கு 1411 கிலோபிட் இடம் பிடிக்கிற சங்கீதத்தை 128-ல் அடக்கிவிடுகிறார்கள். நெசவாளருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இழையைக் குறைத்து நெய்த சேலை மடிப்பில் பளபளப்பாகத்தான் இருக்கும். கட்டிப் பார்த்தால்தான் தெரியும். நல்ல ஒலிபெருக்கியில் போட்டால் இந்த இழைக் குறைவும் தெரிகிறது. உள்ளங்கைப் பெட்டியில் தெரிவதில்லை.

கழித்ததால் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் முக்கியம். மிஞ்சுவது நேரம்.

கிராமபோன் வந்த நாளிலிருந்து நம் சங்கீதத்துக்கு ஒரு கத்தரிக்கோல் கூடவே வந்திருக்கிறது. 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிய தட்டுக்கள் ஏறக்குறைய மூன்று நிமிஷம். மணிக்கணக்கில் விரிக்க வேண்டிய ராகத்தை அந்த அம்மாள் மூன்று நிமிஷத்துக்குள் மடித்து வைத்து, முடிவில் தம் பெயரையும் சொல்லி முடித்தார். பெரிய சாமர்த்தியம்தான். ஆனால் சாமர்த்தியம் கலையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. சினிமாப் பாட்டு அந்த அளவுக்கே பிறந்தது. 1948-ல் நீண்ட தட்டு வந்து பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் இடம் கொடுத்தது, 1963-ல் காசெட்டு, 1982-ல் 74 நிமிஷக் குறுந்தட்டு. ஒவ்வொரு முறையும் கத்தரிக்கோல் கொஞ்சம் விலகியதே தவிர, போகவில்லை.

ஆரணி, செய்யாறு வட்டாரம் தெருக்கூத்து வட்டாரம். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரத உற்சவம் வைத்தால் இரவு இரவாகக் கூத்து நடக்கும். செய்யாற்றுப் பக்கத்துப் புரிசையில் கண்ணப்ப தம்பிரான் போன்ற பெரிய கலைஞர்கள் இருந்தார்கள். 1977-ல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமி அந்தப் புரிசைக் கூத்தில்தான் தம் நாடகத்துக்கு ஆதாரம் தேடினார். இந்தக் கூத்து இதுவரை எந்தக் கம்பெனிப் பெட்டியிலும் முழுதாக அடங்கியதில்லை. அடங்கவும் முடியாது. ஒரு இரவுக் கூத்து 8 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய தட்டுக்களில் பதிவதென்றால் ஏறக்குறைய 70 தட்டு வேண்டும். இன்றைக்கு அதே கூத்து 128 கணக்கில் சுமார் 460 மெகாபைட். நகத்தளவுள்ள 32 ஜிகாபைட் கார்டில் ஏறக்குறைய 70 இரவு பிடிக்கும். ஒரு இரவுக்கு 70 தட்டு என்பது போய், ஒரு கார்டுக்கு 70 இரவு!

சேவூரில் ஒரு தறி வீட்டில் கர்ண மோட்சம் ஓடிக்கொண்டிருந்ததைக் கேட்டபோதுதான் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 1964-ல் வந்த 'கர்ணன்' படத்தை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். விசுவநாதன் ராமமூர்த்தியின் பாட்டுக்களும், போர்க்களத்தில் சீர்காழி கோவிந்தராஜன் குரல் எழுகிற இடமும் யாருக்கும் மறக்காது. அந்தப் பாட்டின் உயர்வை நான் மறுக்கவில்லை. ஆனால் கூத்தில் கர்ணன் போருக்குப் புறப்படுமுன் பொன்னுருவியிடம் விடை கேட்கிறான். அவள் கொடுக்க மறுக்கிறாள். அவன் கேட்கிறான், அவள் மறுக்கிறாள். விருத்தம், தரு, வசனம், திரும்ப விருத்தம். நடுவில் கட்டியங்காரன் புகுந்து ஏதோ சொல்ல, கூட்டம் சிரிக்கிற சத்தம். மறுபடி அவள் மறுக்கிறாள். சினிமாவில் துயரம் உச்சியில் தொடங்கி நம்மை ஒரே அடியில் வீழ்த்துகிறது. கூத்தில் துயரத்தோடு நாம் குடித்தனம் பண்ண வேண்டியிருக்கிறது. நாவல் எழுதுகிற எனக்கு இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் சிறுகதைக்கும் நாவலுக்கும் உள்ள தூரமாகவே பட்டது. நாவலைச் சுருக்கிச் சிறுகதை ஆக்கினால் கதை மிஞ்சும், வாழ்க்கை போய்விடும்.

"மூணு நிமிசத்துல முடியற பாட்டு நமக்குத் தோதுப்படாது சார். கை ஒரு ஓட்டத்துக்கு வர்றதுக்குள்ள பாட்டு மாறிடுது" என்றார் அந்த வீட்டுக்காரர். நாள் முழுதும் ஒரே சேலையில் உட்காருகிறவருக்கு இரவு முழுதும் ஒரே கதையில் நிற்கிற கலை பொருந்துவதில் ஆச்சரியம் என்ன? கம்பெனிப் பெட்டியின் 5000 பாட்டுக்களை நாளைக்கு 8 மணி நேரம் என்று கேட்டால் 40 நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும். பிறகு சுற்றியது சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். நீளம் வேறு, எண்ணிக்கை வேறு. இதைக் கம்பெனிக்காரர்கள் இன்னும் கண்டுகொள்ளவில்லை. பூஜை அறையில் மின்சாரத்தில் செருகி வைத்த மந்திரப் பெட்டி நாள் முழுதும் ஒரே மந்திரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறதே, அது நீளமும் அல்ல, எண்ணிக்கையும் அல்ல; அதை விமரிசனத்தில் சேர்க்க வேண்டாம்.

ஆகவே என் ஓட்டு பெயரில்லாப் பெட்டிக்குத்தான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். கூத்து கேட்பதற்கு இந்தப் பெட்டிகளில் ஒரு பெரிய குறை உண்டு. நிறுத்தித் திரும்ப முடுக்கினால், பல பெட்டிகளுக்கு எந்தப் பதிவு என்பது ஞாபகம் இருக்கும். அந்தப் பதிவில் எந்த இடம் என்பது இருக்காது. 8 மணி நேரக் கூத்தை ஒரே பதிவாக வைத்திருந்தால், சாப்பிட்டுவிட்டு வந்தபோது கர்ணன் முதலிலிருந்து வேஷம் கட்டுவான். கடையிலேயே ஒரு பதிவை ஓடவிட்டு, நடுவில் அணைத்து, திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும். இடம் மறக்கிற பெட்டியானால் கூத்தை அரை அரை மணித் துண்டுகளாக வெட்டித் தரச் சொல்லவேண்டும். வெட்டியதை ஒன்று, இரண்டு என்று வரிசையாகவே கார்டில் ஏற்ற வேண்டும். பல பெட்டிகள் பெயரைப் பார்ப்பதில்லை, ஏறிய வரிசையில்தான் பாடும். வரிசை தவறினால் கர்ணன் செத்த பிறகு பொன்னுருவியிடம் விடை கேட்பான். 32 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கார்டைச் சில பெட்டிகள் ஏற்றுக்கொள்வதில்லை. வாங்கிய பிறகு வருந்திப் பயனில்லை. மின்கலம் கழற்றி மாட்டக்கூடியதாக இருக்கவேண்டும். பழைய நோக்கியா கைப்பேசியில் இருந்த பி.எல்.-5சி மாதிரியைப் போட்டிருக்கிற பெட்டி உத்தமம். எந்தப் பெட்டிக் கடையிலும் மாற்று கிடைக்கும். பொத்தான்கள் தடவிப் பார்த்தால் விரலுக்குத் தெரியவேண்டும். ஏரியல் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிற பெட்டியைத் தறிக்குப் பக்கத்தில் விடக்கூடாது. பாவில் சிக்கினால் பாட்டின் விலையைவிடப் பட்டின் விலை அதிகம்.

ஒலிபெருக்கி சின்னது. அடித்தொண்டை ஓசைகள் அதில் வராது. மத்தளத்தின் கனமான பக்கம் தட்டிய தகரம் மாதிரிதான் கேட்கும். மிருதங்கத்துக்கும் அதே கதி. ஆனால் முகவீணை அந்தச் சின்ன வாய்க்கென்றே செய்த மாதிரி கூராக வருகிறது. கே. பி. சுந்தராம்பாளின் குரலுக்கும் எந்தப் பெட்டியும் தடை இல்லை. மைக் இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசைக்கு எட்டப் பாடிய குரல் அது.

இன்னொரு விஷயம் இருக்கிறது. எழுத்தை நம்பிப் பிழைக்கிற நான் அதைச் சொல்லாமல் நழுவக்கூடாது. கார்டை நிரப்பித் தருகிற கடைக்காரர் அதில் போடுகிற சினிமாப் பாட்டு யாருடைய சொத்து? 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு 60 வருஷம் காப்பு உண்டு. அதை மீறித்தான் அந்த வியாபாரம் நடக்கிறது. என் புத்தகத்தை ஒருவர் இப்படி அச்சிட்டு விற்றால் நான் சும்மா இருப்பேனா? கம்பெனிப் பெட்டியின் பக்கம் பேச இது ஒன்றே போதுமான நியாயம். அந்தப் பெட்டியில் போட்ட பணத்தில் பாட்டுக்கு உரியவர்களுக்கு ஏதோ ஒரு பங்காவது போக வழியிருக்கிறது.

கூத்தின் கதை இன்னும் மோசம். திருவிழாவில் யாரோ ஒருவர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்துப் பதிந்ததுதான் கார்டுக்குக் கார்டு பரவுகிறது. கர்ணனாக நின்றவருக்கு அதில் சல்லிக் காசு கிடையாது, பெயர்கூடக் கிடையாது. எண் 14 என்று சிவப்பு எழுத்தில் வருகிறது, அவ்வளவுதான். ஆடுகிறவருக்கும் பாடுகிறவருக்கும் தம் நிகழ்ச்சியின் மேல் உரிமை உண்டு என்று 1994-ல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். 2012-ல் அதை இன்னும் பலப்படுத்தினார்கள். சட்டம் டில்லியில் இருக்கிறது. மத்தளம் செய்யாற்றில் இருக்கிறது. குழுவின் வாத்தியாரிடமே போய், அனுமதி கேட்டு, ஒரு இரவை ஒழுங்காக ஒரு நல்ல மைக்கில் பதிந்து, ஆடுகிறவர் பெயர்களைத் தொடக்கத்தில் கட்டியங்காரன் வாயாலேயே சொல்லவைத்து, கார்டுக்கு இத்தனை ரூபாய் என்று அவர்களே விற்றால் என்ன? அந்தத் தறி வீட்டுக்காரரிடம் இதைக் கேட்டேன். கார்டு என்ன விலை வரும் என்று விசாரித்தார். சொன்னேன். ஒரு கணம் நாடாவை நிறுத்தி யோசித்துவிட்டு, பதினெட்டாம் போரும் சேர்த்துக் கொடுப்பார்களா என்று கேட்டார்.